வங்கிக் கணக்கு மாடலை விட்டு எகனாமெட்ரிக்ஸ் ஆராய்ச்சிக்கு வரலாமா?

கேள்வி: ஐயா, என் வயது 26. சொந்த ஊர் முக்கூடல் பக்கம் ஒரு கிராமம். சென்னையில் எம்.ஏ. பொருளியல் முடித்துவிட்டு, மூன்று வருடமாக ஓ.எம்.ஆரில் ஒரு நிறுவனத்தில் வங்கிகளுக்குக் கடன் அபாயக் கணிப்பு மாடல் போடும் வேலையில் இருக்கிறேன். கைக்கு மாதம் 70 ஆயிரம் வருகிறது. படித்ததில் பிடித்தது எகனாமெட்ரிக்ஸ்தான், அதாவது தரவையும் புள்ளியியலையும் வைத்துப் பொருளாதாரக் கேள்விகளுக்கு விடை தேடுவது. ஒருநாள் லாஜிஸ்டிக் மாடலில் (கடனைக் கட்டுவாரா மாட்டாரா என்ற நிகழ்தகவைக் கணிப்பது) ஒரு மாறியைச் சேர்த்ததும் இன்னொரு மாறியின் குறி மைனஸிலிருந்து பிளஸ்ஸுக்குப் போய்விட்டது. ஏன் என்று கேட்டால் மேனேஜர், "ஏ.யூ.சி. ஏறியிருக்குல்ல, விடு" என்றார் (ஏ.யூ.சி. என்பது மாடல் எவ்வளவு சரியாகக் கணிக்கிறது என்பதற்கான மதிப்பெண்). என்னால் விட முடியவில்லை. பிஎச்டி முடித்துப் பேராசிரியராக ஆசை. எங்கள் ஊர்ப் பெண்கள் பீடி சுற்றிக்கொண்டே வாராவாரம் குழுக்கடன் கட்டுகிறார்கள். அந்தக் கடனால் குடும்பம் முன்னேறுகிறதா இல்லையா என்பதை ஆராய வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் கணிதம் சுமார்தான். அப்பா ஓய்வு பெற்றுவிட்டார், தங்கை கல்யாணம் இருக்கிறது. தியரியா, அப்ளைடா? இந்தியாவா, வெளிநாடா? ஏ.ஐ. வந்தபிறகு இந்தத் துறை இருக்குமா? வேலையை இப்போதே விடலாமா? (பி.கு: ஸ்டேட்டா, ஆர், பைத்தான் மூன்றில் எதைக் கற்பது?)

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: தம்பி, வேலையை விடலாமா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இதைப் படித்து முடிக்கும் முன்பே பேப்பர் போட்டுவிடுவீர்களோ என்று கடிதத்தின் வேகத்தைப் பார்த்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. இப்போது விடாதீர்கள். எப்போது விடலாம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

அந்தக் குறி மாறிய விஷயத்துக்கு வருவோம். உங்கள் மேனேஜர் சொன்னது தப்பில்லை. அவருக்கு வேண்டியது யார் கடனைக் கட்டமாட்டார் என்ற கணிப்பு. அந்தக் கணிப்பு சரியாக வந்தால் வட்டி விகிதத்தின் கெழு (மாடலில் அந்த மாறிக்கு விழும் எண்) பிளஸ்ஸா மைனஸா என்பது அவர் பாடு இல்லை. எகனாமெட்ரிக்ஸ்காரருக்கு வேலை அங்கேதான் தொடங்குகிறது. வட்டியை ஏற்றியதால் கட்டாமல் போனார்களா, அல்லது கட்டமாட்டார்கள் என்று தெரிந்தவர்களுக்குத்தான் வங்கி ஏற்கெனவே அதிக வட்டி போட்டிருந்ததா? இரண்டுக்கும் ஒரே தரவு, ஒரே மாடல், ஒரே ஏ.யூ.சி. வரும். ஆனால் ரிசர்வ் வங்கியோ அரசோ ஒரு முடிவு எடுக்க வேண்டுமென்றால் இரண்டும் வேறு வேறு உலகம். இந்த வித்தியாசம் யாரும் சொல்லாமலே உங்களை உறுத்தியிருக்கிறது. பி.ஏ. மதிப்பெண்ணை விட இதற்குத்தான் நான் அதிக மதிப்புப் போடுவேன்.

இப்போது உங்கள் குழுக்கடன் கேள்வி. இதையே வைத்து இந்தத் தொழில் என்ன என்று காட்டிவிடலாம். கடன் வாங்கிய வீட்டையும் வாங்காத வீட்டையும் ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது. வாங்குகிறவர்கள் ஏற்கெனவே சுறுசுறுப்பானவர்களாக இருக்கலாம், இல்லை ஏற்கெனவே கழுத்துவரை கஷ்டத்தில் இருக்கலாம். பொருளியலாளர்கள் பானர்ஜி, டுஃப்லோ, கிளென்னர்ஸ்டர், கின்னன் நால்வரும் ஹைதராபாத்தில் 104 குடியிருப்புப் பகுதிகளை எடுத்துக்கொண்டார்கள். அதில் பாதியைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, அங்கே மட்டும் நுண்கடன் (உங்கள் ஊர்க் குழுக்கடன் மாதிரிச் சிறுகடன்) நிறுவனத்தின் கிளையை முதலில் திறக்க வைத்துப் பார்த்தார்கள். 2015-ல் வெளியான முடிவு: சிறு தொழில்களில் முதலீடு கொஞ்சம் கூடியது, ஆனால் வீட்டுச் செலவில், பிள்ளைகள் படிப்பில், பெண்களின் நிலையில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. கடன் கொடுத்தால் வறுமை ஓடிவிடும் என்று பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு அது நல்ல சூடு.

அதோடு முடிந்ததா? இல்லை. சில பகுதிகளில் கிளை திறப்பது ஒன்று, ஒரு மாவட்டம் முழுவதிலும் கடன் வற்றிப்போனால் கூலி என்ன ஆகும் என்பது வேறு. அதைக் குலுக்கல் போட்டுப் பார்க்க முடியாது, எந்த அரசும் விடாது. 2010 அக்டோபரில் அன்றைய ஆந்திர அரசு ஓர் அவசரச் சட்டம் போட்டு அங்கே நுண்கடன் வசூலை ஏறக்குறைய நிறுத்தியது உங்களுக்கு ஞாபகம் இருக்காது, அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். ஆந்திராவில் பணம் மாட்டிக்கொண்ட நிறுவனங்கள் மற்ற மாநிலங்களிலும் கடன் கொடுப்பதைக் குறைத்தன. அந்த மாநில மக்கள் எந்தத் தவறும் செய்யவில்லை, தவணையை ஒழுங்காகக் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். எமிலி பிரேசாவும் சிந்தியா கின்னனும் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். ஆந்திராவில் அதிகம் மாட்டிக்கொண்ட நிறுவனங்களை நம்பியிருந்த மாவட்டங்களையும், அப்படி இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டார்கள். கடன் வற்றிய மாவட்டங்களில் தினக்கூலி குறைந்தது, குடும்பங்களின் வருமானமும் செலவும் குறைந்தன. நடந்தது 2010, கட்டுரை க்வார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸில் அச்சானது 2021. இந்த இடைவெளியை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் இந்தத் தொழிலின் ஒரு பகுதிதான்.

கவனித்தீர்களா, இரண்டு ஆய்விலும் ரெக்ரெஷன் (மாறிகளுக்கு இடையிலான தொடர்பை எண்ணாக்கும் கணக்கு) என்பது கடைசி அரை மணி நேர வேலை. மற்றதெல்லாம் எதை எதோடு ஒப்பிடுவது நியாயம் என்ற யோசனை. பேராசிரியர் ஆவது என்றால் இந்த யோசனைக்குச் சம்பளம் வாங்குவது. கூடவே வகுப்பு எடுப்பது, விடைத்தாள் திருத்துவது, மற்றவர்களின் கட்டுரைகளைக் காசில்லாமல் மதிப்பிட்டுக் கொடுப்பது, துறைக் கூட்டங்களில் உட்கார்ந்து தூங்காமல் இருப்பது எல்லாம் உண்டு.

சரி, தியரியா (வழிமுறைகளை உருவாக்கி நிரூபிப்பது) அப்ளைடா (அவற்றை வைத்து நிஜக் கேள்விக்கு விடை தேடுவது).

தியரி ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்பதற்கு உங்களுக்குப் பரிச்சயமான ஒன்றைச் சொல்கிறேன். நூறு நாள் வேலைத் திட்டம் மூன்று கட்டமாக வந்தது: 2006 பிப்ரவரியில் 200 மாவட்டங்கள், 2007-ல் இன்னும் 130, 2008 ஏப்ரலில் மிச்சம். இப்படிப் படிப்படியாக வரும் திட்டம் என்றால் ஆராய்ச்சியாளர்களுக்குக் கொண்டாட்டம், திட்டம் வந்த மாவட்டத்தை வராத மாவட்டத்தோடு ஒப்பிடலாம் அல்லவா? மாவட்டத்துக்கு ஒரு டம்மி (ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0 என்று வரும் மாறி), வருடத்துக்கு ஒரு டம்மி, திட்டத்துக்கு ஒரு டம்மி போட்டு ஒரு ரெக்ரெஷன் ஓட்டுவார்கள். இருபது, முப்பது வருடமாக உலகம் முழுக்க இப்படித்தான் செய்தார்கள். கற்றுக்கொடுத்தவர்களும் இதைத்தான் கற்றுக்கொடுத்தோம். 2020, 2021 வாக்கில் ஆய்வாளர்கள் டி ஷேஸ்மார்ட்டான், டோல்ஃபய் ஒரு பக்கம், கூட்மன்-பேக்கன், காலவே, சான்ட் அன்னா இன்னொரு பக்கம், அந்தக் கெழு உண்மையில் எதை அளக்கிறது என்று உட்கார்ந்து பிரித்துப் பார்த்தார்கள். முதலில் திட்டம் வந்த மாவட்டங்களை, பின்னால் வந்தவற்றுக்கு ஒப்பீட்டுக் குழுவாக அந்த ரெக்ரெஷன் சத்தமில்லாமல் பயன்படுத்திக்கொண்டிருந்தது. திட்டத்தின் பலன் வருடத்துக்கு வருடம் மாறினால் சில ஒப்பீடுகளுக்கு எதிர்மறை எடை விழும், அதாவது அவை கூட்டப்படாமல் கழிக்கப்படும். எல்லா மாவட்டத்திலும் பலன் நல்லதாக இருந்தும் மொத்தக் கெழு கெட்டதாக வர முடியும்! உங்கள் குறி மாறிய கதையின் பெரியண்ணன் இது. அதன்பிறகு பழைய கட்டுரைகளை எடுத்து மறுபடி ஓட்டிப் பார்ப்பதே ஒரு தனி வேலையாகிவிட்டது.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு எது ஆசையாக இருந்தது? எடை எப்படி எதிர்மறையாகிறது என்று நிரூபணத்தைப் பார்க்க வேண்டும் போல் இருந்தால் தியரி. அப்போ நூறு நாள் வேலையால் கூலி ஏறியதா இல்லையா என்று தெரிந்தாக வேண்டும் என்று தோன்றினால் அப்ளைடு. கடிதத்தில் பீடி சுற்றும் பெண்களைப் பற்றி அத்தனை எழுதினீர்கள், எஸ்டிமேட்டர் (கெழுவை மதிப்பிடும் சூத்திரம்) பற்றி ஒரு வரிகூட இல்லை. என்னைக் கேட்டால் நீங்கள் எகனாமெட்ரிக்ஸில் கை தேர்ந்த வளர்ச்சிப் பொருளியலாளராகப் போக வேண்டியவர். பிஎச்டியில் துறை என்ற இடத்தில் முதலில் வளர்ச்சிப் பொருளியல், அடுத்தது எகனாமெட்ரிக்ஸ் என்று போடுங்கள். இதில் ஒரு லௌகீகக் கணக்கும் இருக்கிறது. சுத்தமான தியரிக்கு ஒரு துறையில் ஒன்றோ இரண்டோ இடம்தான் இருக்கும், அதுவும் அடிக்கடி காலியாகாது. வளர்ச்சி, தொழிலாளர், பொது நிதி என்றால் வாசல் அகலம்.

அதற்காகக் கணிதம் வேண்டாம் என்று அர்த்தமில்லை. இங்கேதான் நம் ஊர் எம்.ஏ. பொருளியல் மாணவர்கள் பெரும்பாலும் அடிபடுகிறார்கள். எகனாமெட்ரிக்ஸில் பெயர் வாங்கிய பழைய தலைமுறை இந்தியர்களில் பலர் பொருளியல் வழியாக வந்தவர்கள் இல்லை. ஜி.எஸ். மத்தாலா ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதம், பம்பாயில் புள்ளியியல் படித்துவிட்டுத்தான் சிகாகோ போய் 1963-ல் பொருளியல் பிஎச்டி வாங்கினார். நீங்கள் தினமும் ஓட்டும் லாஜிட் (உங்கள் லாஜிஸ்டிக் மாடல்தான்), ப்ராபிட் வகையறாவுக்கு ஒரு தலைமுறையே நம்பியிருந்த புத்தகத்தை 1983-ல் எழுதியவர் அவர். அந்த வரிசை உங்களுக்குத் தலைகீழ். பொருளியலை முதலில் படித்துவிட்டீர்கள், கணிதத்தை இப்போது பிடிக்க வேண்டும். லீனியர் ஆல்ஜீப்ரா, ரியல் அனாலிசிஸ், நிகழ்தகவு இந்த மூன்று போதும். யூடியூபில் பார்த்தேன் என்றால் எந்தத் தேர்வுக்குழுவும் நம்பாது, தேர்வெழுதி மதிப்பெண் வாங்கியதாக இருக்க வேண்டும். ஐ.ஐ.டி.கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். படிப்புகளுக்கு நேரில் போய் எழுதும் தேர்வும் சான்றிதழும் உண்டு, வேலையில் இருந்துகொண்டே செய்யலாம். ரியல் அனாலிசிஸ் முதல் மாதம் கண்ணைக் கட்டும். எல்லோருக்கும் அப்படித்தான். அதன் நிரூபணங்களில் வரும் எப்சிலான், டெல்டாவோடு ஒரு மூன்று மாதம் குடித்தனம் நடத்தினால் பழகிவிடும். ஆறு மாதம் ஆகியும் ஒரு நிரூபணத்தைச் சொந்தமாக எழுத வரவில்லை, எழுத ஆசையும் வரவில்லை என்றால், அது உங்களுக்கு மலிவாகக் கிடைத்த பதில். பிஎச்டி முதல் வருடத்தில் போய்த் தெரிந்துகொள்வதை விட சென்னையில் உங்கள் அறையில் உட்கார்ந்து தெரிந்துகொள்வது மேல்.

இரண்டாவது சோதனை இதைவிட முக்கியம். வெளியான ஒரு கட்டுரையை எடுத்து அதன் முடிவுகளை நீங்களே மறுபடி வரவழைத்துப் பாருங்கள். அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ மாதிரி இதழ்களில் இப்போது தரவும் கோடும் (கணினி நிரல்) கட்டுரையோடு சேர்த்தே வைத்திருக்கிறார்கள், இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இதைச் சும்மா வீட்டுப்பாடம் என்று நினைக்காதீர்கள். தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில், ஆம்ஹர்ஸ்டில், எகனாமெட்ரிக்ஸ் வகுப்புக்கு ஒப்படைப்பாகத்தான் ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் இருவரின் 2010 கட்டுரையை எடுத்தார். அரசுக் கடன் ஜி.டி.பி.யில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும் என்று அந்தக் கட்டுரை சொன்னது, ஐரோப்பாவில் சிக்கன நடவடிக்கைகளை ஆதரித்த அரசியல்வாதிகள் அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பேசினார்கள். ஹெர்ண்டனுக்கு எண் ஒத்துவரவே இல்லை. தன்னிடம்தான் தவறு என்று நினைத்து மறுபடி மறுபடி ஓட்டிவிட்டு, கடைசியில் ஆசிரியர்களிடமே அவர்களுடைய எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கினார். சராசரி எடுக்கும் ஃபார்முலா ஐந்து நாடுகளின் வரிசைகளை விட்டுவிட்டிருந்தது. அதோடு சில வருடங்களின் தரவு விடுபட்டிருந்தது, எடை போட்ட விதமும் கேள்விக்குரியது. 90 சதவீதத்துக்கு மேல் கடன் உள்ள நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 என்று கட்டுரையில் இருந்தது, தன் ஆசிரியர்கள் ஆஷ், போலின் இருவரோடு சேர்ந்து ஹெர்ண்டன் 2013-ல் போட்ட திருத்தத்தில் அது 2.2 சதவீதம்.

உங்களுக்கு இப்படி ஒரு எக்செல் கோப்பு மாட்ட வேண்டும் என்றில்லை, பெரும்பாலும் எண்கள் ஒத்துப்போகும். ஆனால் மூன்று நான்கு மாதம் ராத்திரி எட்டு மணிக்கு மேல் அடுத்தவர் கோடைப் படித்து, ஏன் இந்த மாவட்டத்தை விட்டார், ஏன் ஸ்டாண்டர்ட் எரரை (மதிப்பீட்டின் பிழை அளவு) கிராம அளவில் க்ளஸ்டர் செய்து, அதாவது தொகுத்துக் கணக்கிட்டார் என்று தோண்டுவது பிடிக்கிறதா என்று பாருங்கள். அந்த பிரேசா-கின்னன் கட்டுரையிலேயே தொடங்கலாம், உங்கள் கேள்விக்கு அதைவிடப் பக்கத்தில் வேறொன்று கிடைப்பது கஷ்டம். இதைச் செய்து முடித்து ஆறு ஏழு பக்கத்தில் எழுதி வைத்தால் அதுவே எந்த நேர்காணலிலும் உங்களுக்காகப் பேசும்.

இந்தியாவா வெளிநாடா என்பதில் என் கருத்து கொஞ்சம் பழையகாலம் என்று சிலர் சொல்வார்கள், பரவாயில்லை. ஆராய்ச்சிப் பேராசிரியராக வேண்டும் என்றால் வெளிநாட்டுக்கு ஒருமுறை முழுமூச்சாக முயற்சி செய்யுங்கள், கிடைக்காவிட்டால் இந்தியாவில் நல்ல இடத்தில் சேருங்கள். ஏதோ ஒரு வெளிநாடு என்று தேடிப் போக வேண்டாம். அமெரிக்காவில் நல்ல துறைகளில் கட்டணம் கிடையாது, உதவித்தொகையும் தருவார்கள். ஐந்து வருடம் என்று எழுதியிருக்கும், ஆறு ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருட முடிவில் மைக்ரோ, மேக்ரோ, பல இடங்களில் எகனாமெட்ரிக்ஸிலும் தகுதித் தேர்வு இருக்கும், அதில் தேறாதவர்களை முதுகலைப் பட்டத்தோடு அனுப்பிவிடுவதும் உண்டு. ஐரோப்பாவில் நெதர்லாந்தைப் பாருங்கள். எகனாமெட்ரிக்ஸை இளங்கலைப் பட்டமாகவே நடத்துகிற விசித்திரமான நாடு அது. பொருளியலாளர்கள் டின்பெர்கனும் தீலும் ரோட்டர்டாமில் 1956-ல் எகனாமெட்ரிக் இன்ஸ்டிடியூட்டைத் தொடங்கிய காலத்திலிருந்து வரும் பரம்பரை. அங்கே இரண்டு வருட ஆராய்ச்சி முதுகலை முடித்து பிஎச்டிக்குள் போகலாம். இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: அமெரிக்காவில் நிதி நெருக்கடியால் சில பல்கலைக்கழகங்கள் அண்மையில் பிஎச்டி சேர்க்கையையே குறைத்துவிட்டன, அதனால் ஒரே நாட்டை நம்பி விண்ணப்பிக்க வேண்டாம்.

விண்ணப்பத்தில் எல்லாவற்றையும்விட கனமானது சிபாரிசுக் கடிதம். "நல்ல மாணவர், ஒழுக்கமானவர்" என்று உங்கள் எம்.ஏ. பேராசிரியர் எழுதினால் பிரயோஜனமில்லை. ஆராய்ச்சி செய்கிற ஒருவர், உங்களோடு வேலை பார்த்துவிட்டு, இந்தப் பையன் இதைக் கண்டுபிடித்தான், இந்த இடத்தில் என்னோடு சண்டை போட்டான் என்று எழுத வேண்டும். வேலையை விடுவது அதற்காகத்தான், அப்போதுதான். ஆராய்ச்சி உதவியாளர் வேலைக்குப் போங்கள். வறுமை ஒழிப்புத் திட்டங்களைக் குலுக்கல் முறையில் சோதிக்கும் ஜே-பால் தெற்காசியா இருக்கிறது, ஐ.எஃப்.எம்.ஆர். என்ற ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து இயங்குவது, தமிழ்நாட்டு அரசோடும் நிறைய ஆய்வுகள் செய்தவர்கள். சம்பளம் உங்களுடைய இப்போதைய சம்பளத்தை எட்டாது. ஆனால் கொளுத்தும் வெயிலில் சர்வே டேப்லெட்டோடு போய், 'கடன் எவ்வளவு' என்று கேட்டால் மாமியார் பக்கத்தில் இருக்கும்வரை மருமகள் உண்மைத் தொகையைச் சொல்லமாட்டாள் என்று கற்றுக்கொள்வீர்கள். அளவீட்டுப் பிழை பற்றி எந்த வகுப்பும் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லித்தராது. முக்கூடல் தமிழ் தெரிந்த ஆள் என்பது அங்கே உங்களுக்கு ஒரு கூடுதல் பலம்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த ஓர் ஆய்வை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு பள்ளி திறந்தபோது கிராமப்புறத்தில் சுமார் 19 ஆயிரம் பிள்ளைகளின் தேர்ச்சியை அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் திரும்பத் திரும்ப அளந்து, இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு ஆறு மாதத்தில் மீண்டது என்றும், அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது என்றும் காட்டினார்கள். இந்த மாதிரி ஆய்வில் கடைசி வரிசையில் நின்று வேலை பார்த்தால்கூட உங்கள் சிபாரிசுக் கடிதத்தின் தரம் வேறாகிவிடும்.

இந்தியாவில் என்றால் கொல்கத்தா, டெல்லியில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம், டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், மும்பையில் ரிசர்வ் வங்கி தொடங்கிய ஐ.ஜி.ஐ.டி.ஆர்., திருவனந்தபுரத்தில் சி.டி.எஸ்., வீட்டுக்குப் பக்கத்தில் கோட்டூர்புரத்தில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ். சென்னைப் பல்கலைக்கழகத்தில் எகனாமெட்ரிக்ஸுக்கென்றே ஒரு தனித்துறை இருப்பது நம் ஊர்க்காரர்களுக்கே பாதிப் பேருக்குத் தெரியாது. எந்த இடம் என்பதைவிட எந்த வழிகாட்டி என்பது முக்கியம். அவருடைய பழைய மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்று அவர்களிடமே போன் போட்டுக் கேளுங்கள், தயங்க வேண்டாம். யு.ஜி.சி. நெட் தகுதித் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிவிட்டால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, பிறகு 42,000, வீட்டு வாடகைப் படி தனி. ஜே.ஆர்.எஃபுக்கு வயது வரம்பு பொதுப் பிரிவுக்கு 30, இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு ஐந்து வருடத் தளர்வு. எப்படிப் பார்த்தாலும் உங்களுக்கு நேரம் இருக்கிறது, அதனால் வெளிநாடு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நெட்டை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். மத்தியப் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் ஏழாவது ஊதியக் குழுப்படி 57,700, படிகள் சேர்ந்தால் கௌரவமாக வாழலாம். ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம். என்றால் இன்னும் மேலே. சிக்கல் சம்பளத்தில் இல்லை, இடத்தில். நம் மாநிலத்திலேயே ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) அறிவிப்புக்காக வருடக்கணக்கில் காத்துக்கொண்டு, அதுவரை கௌரவ விரிவுரையாளராக ஓட்டிக்கொண்டிருக்கும் முனைவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் பழைய கல்லூரியில் கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டில் வேலைச் சந்தை வேறு மாதிரிக் கொடுமை. கடைசி வருடத்தில் ஒரே ஒரு கட்டுரையை முன்வைத்து நூற்றுக்கு மேல் விண்ணப்பம் போட்டு, குளிர்காலத்தில் ஜூமில் வரிசையாக நேர்காணல் கொடுத்து, சில இடங்களுக்கு நேரில் போய்க் கருத்தரங்கில் ஒன்றரை மணி நேரம் குறுக்குக் கேள்விகளுக்கு நடுவே நின்று பேசி, அதிலிருந்து ஒன்றோ இரண்டோ வாய்ப்பு வரும். வந்தபின் ஆறேழு வருடத்தில் நிரந்தரம், இல்லாவிட்டால் வெளியே. அந்த நிரந்தரத்தைத் தீர்மானிப்பது இதழ்கள். டேவிட் கார்டும் ஸ்டெஃபானோ டெல்லாவிக்னாவும் 2013-ல் எண்ணிப் போட்டார்கள்: பொருளியலின் முதல் ஐந்து இதழ்களில் 1970-களின் கடைசியில் அனுப்பியதில் 15 சதவீதம் அச்சேறியது, 2010 வாக்கில் அது 6 சதவீதம். கட்டுரைகளின் நீளமோ ஏறக்குறைய மூன்று மடங்கு.

அதனால் வீட்டுக் கணக்கை இப்படிப் பாருங்கள். இன்னும் ஒன்றரை வருடம் இதே வேலையில் இருந்து தங்கை கல்யாணத்துக்கு உங்கள் பங்கு எவ்வளவோ அதை ஒதுக்குங்கள், விண்ணப்பச் செலவுக்குத் தனியாக வையுங்கள். ஒவ்வொரு அமெரிக்கப் பல்கலைக்கும் ஏறக்குறைய 100 டாலர் போகும், பத்து இடம் என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள், கட்டண விலக்குக் கேட்டால் சில இடங்கள் தருவதும் உண்டு. புதிதாகப் பெர்சனல் லோன், பைக் இ.எம்.ஐ. எதுவும் வேண்டாம், மாதத் தவணையோடு யாரும் உதவித்தொகையில் நிம்மதியாகப் படித்ததில்லை. அப்பாவிடம் 'பிஎச்டி' என்று மட்டும் சொன்னால் அவர் மனதில் ஓடுவது வேலை இல்லாத முனைவர்தான். பிஎச்டி முடித்தவர்கள் கல்லூரிக்கு மட்டும் போவதில்லை, ரிசர்வ் வங்கியின் ஆராய்ச்சித் துறை, உலக வங்கி, அமேசான் என்று பல இடங்கள் பொருளியல் முனைவர்களை எடுக்கின்றன என்று சேர்த்துச் சொல்லுங்கள். இது அவரைச் சமாளிக்கச் சொல்லும் பொய் இல்லை, உங்களுக்கே உள்ள இரண்டாவது வழி.

ஏ.ஐ. பற்றிய கேள்வி எல்லோரும் கேட்பது, நீளமாகச் சொல்ல ஆசையில்லை. கோடு எழுதும் பாதி வேலையை அது எடுத்துக்கொள்ளும், ஏற்கெனவே எடுத்துக்கொண்டும்விட்டது. மெஷின் லேர்னிங்கை எகனாமெட்ரிக்ஸ்காரர்கள் எதிரியாகப் பார்த்த காலம் போய், செர்னோஷுகாவ் குழுவினர் 2018-ல் போட்ட வழிமுறையில் அதை உள்ளேயே இழுத்துக்கொண்டார்கள். காரணத்தையும் விளைவையும் ஒருசேரப் பாதித்துக் குழப்பும் மாறிகளைக் கழிக்கும் கணிப்பு வேலையை மெஷினிடம் விட்டுவிட்டு, காரணத்தை அளக்கும் ஒரே ஒரு கெழுவை மட்டும் கவனமாகக் காப்பாற்றுவது அது. ஆனால் பொருளியலாளர் டேனியல் மெக்ஃபேடன் செய்ததை நினைத்துப் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோ பகுதியில் பார்ட் ரயில் ஓடத் தொடங்கும் முன்பே, அதில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று தன் லாஜிட் மாடலை வைத்துச் சொன்னார். அதிகாரபூர்வக் கணிப்பு 15 சதவீதம், அவருடையது 6.3, ஓடிய பிறகு வந்தது 6.2. இல்லாத ரயிலுக்குப் பழைய பயணிகள் தரவு ஏது? மக்கள் நேரத்தையும் காசையும் எப்படி எடை போடுகிறார்கள் என்ற பொருளியல் யோசனை உள்ளே இருந்ததால்தான் அது முடிந்தது. 2000-ல் நோபல் அவருக்கும் இன்னொரு எகனாமெட்ரிக்ஸ்காரரான ஜேம்ஸ் ஹெக்மனுக்கும் போனது. இன்னும் வராத கொள்கை, இதுவரை யாரும் போடாத வட்டி உச்சவரம்பு, இவற்றைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கும்வரை இந்த வேலை இருக்கும். ரெக்ரெஷன் ஓட்டி நட்சத்திரக்குறி போட்ட அட்டவணை தயாரிப்பது மட்டுமே எகனாமெட்ரிக்ஸ் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு வேலை இருக்குமா என்று கேட்டால், இருக்காது.

பின்குறிப்புக்கு: ஆர் கற்றுக்கொள்ளுங்கள், இலவசம், புதிய வழிமுறைகள் அதில் சீக்கிரம் வந்துவிடும். பைத்தான் எப்படியும் அலுவலகத்தில் கற்றிருப்பீர்கள். ஸ்டேட்டாவைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம், ஆனால் வளர்ச்சிப் பொருளியலில் பாதிப்பேர் இன்னும் டூ-ஃபைலில்தான் (ஸ்டேட்டாவின் நிரல் கோப்பு) வாழ்கிறார்கள், அதனால் வாசிக்கிற அளவுக்குத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எதில் எழுதினாலும் தரவைச் சுத்தம் செய்வதை எக்செலில் கையால் செய்யாதீர்கள். ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன்.